மூடி வரையாத படம்

கொழும்பிலிருந்து வந்த மாதிரிப் படத்தில்
வீடுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து நின்றன,
யாரோ மந்திரி வருவதைப் போல.
ஏழு பேர்ச். ஐந்நூற்றைம்பது சதுர அடி.
வடக்குக் குறியும் இருந்தது,
ரப்பர் முத்திரைக்கு அடியில் பாதி மறைந்து.

கந்தப்பளையில் வெயில்
கடன் வாங்கினவன் மாதிரி.
தை மாதம் ஏழரைக்குத் தலை காட்டும்,
பதினொன்றுக்கு மேகம் ஏறினால்
சொல்லாமல் நழுவிவிடும்.

அந்த மூன்றரை மணி நேரத்தைப் பிடித்து வைக்க
ஒரு சுவர் வரைந்தேன்.
தென்கிழக்கு முகம். ஓரடிக் கனத்தில் கல்,
மேலே கரிப்பூச்சு.
நாலு விரல் தள்ளி, முன்னால் கண்ணாடி:
மூடிப்போன பெக்டரியில்
கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து கழற்றியது.
சுவரின் அடியில் ஓர் ஓட்டை, உச்சியில் ஓர் ஓட்டை.
அறையின் குளிர் கீழே நுழையும்,
கல்லை உரசி ஏறும்,
சூடாகி மேலே வழியாக வீடு திரும்பும்.
மின்கட்டணம் இல்லை. விறகுக்கு மலை ஏற வேண்டாம்.

படத்தை முப்பத்தைந்து பாகை திருப்பினேன்.
"வீடு ரோட்டுக்கு முதுகக் காட்டுதே மிஸ்"
என்றார் மேசன் சவரியப்பன்.
காட்டட்டும்.
கக்கூசையும் அடுப்படியையும்
தென்மேற்கு மூலைக்குத் தள்ளினேன்.
ஆடிக் காற்று அறைவதானால்
முதலில் அங்கே அறையட்டும்,
பிள்ளைகள் படுக்கிற இடத்தில் வேண்டாம்.

நாற்பத்திரண்டில் ஐந்துக்கு மட்டும்,
"பரீட்சார்த்தமாக", கையெழுத்துக் கிடைத்தது.

பிறகு தை வந்தது. வெப்பமானிகள் மாட்டினேன்.
விடிகாலை நான்கு மணி:
கொழுந்தில் பனி பூத்த வெளியில், நான்கு.
லயத்துத் தகரத்துக்குக் கீழே, எட்டு.
என் வீடுகளில்
பத்து, பத்து, பதினொன்று, பத்து.
இரண்டு பாகைக்காகவா இவ்வளவு கல் சுமந்தோம்?

ஐந்தாவதில் பதினாறு.

கருவி பழுது என்று எழுதிவைத்தேன்.
மாற்றிப் பார்த்தேன். மறுநாளும் பதினாறு.

கதவைத் தட்டினேன். ரஞ்சிதமலர் திறந்தாள்,
மலைக்குப் போகப் படங்கு கட்டிக்கொண்டே.
சுவரின் இரண்டு ஓட்டைகளிலும்
பழைய கம்பளியைக் கிழித்து அடைத்திருந்தாள்.
"பொழுது எறங்குனா
இது வழியா குளிரும் எறங்குது மிஸ்.
காலைல செவுத்துல வெயில் பட்டதும் புடுங்கிருவேன்.
பகல்ல தொறந்தா சூடு வருது,
ராவுல தொறந்தா சூடு போவுது.
ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்.
இராத்திரியில் கண்ணாடியோரக் காற்று குளிர்ந்து இறங்கும்,
ஏறிய வழியெல்லாம் தலைகீழாகும்.
பரீட்சையில் எழுதினேன், முழுப் புள்ளி.
படத்தில் மூடி வரைய மறந்தேன்.

கண்ணாடியில் ஒரு சட்டத்தைக் கழற்றி
உள்ளே கம்பி கட்டியிருந்தாள்.
மகளின் பள்ளிக்கூட மேஸ் நான்கு தொங்கின.
நிழல் விழும், சுவர் சூடாகாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
தொட்டுப் பார்த்தேன்.
தையில், கந்தப்பளையில், காய்ந்த மேஸ்!
வாயை மூடிக்கொண்டேன்.

அன்றே புதுப் படம் வரைந்தேன்:
ஒன்பதுக்கு ஐந்து அங்குலம், பலகை மூடி,
தோல் கீல், ஓர் ஆணி.
ஓரமாக ஒரு கம்பியும்.
திருத்தத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
"வீட்டுக்காரியின் ஆலோசனை" என்று எழுதினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
பயனாளிகள் ஆலோசனை வழங்க ஏற்பாடு இல்லை.
காரணத்தைத் திருத்தி அனுப்பவும்.

இன்னும் திருத்தவில்லை.

நேற்று விடிகாலை மறுபடியும் போய்ப் பார்த்தேன்.
பதினைந்து, பதினாறு, பதினைந்து.
கடிதத்துக்கு முந்தி
கம்பளித் துண்டு நாலு வாசல் ஏறியிருக்கிறது.

நான்காவது வீட்டில் மட்டும் பன்னிரண்டு.
அங்கே கீழ் ஓட்டைக்குள்
மாமனார் ரேடியோவை வைத்திருக்கிறார்.
அளவாகத்தான் இருக்கிறது என்கிறார்.